மழைநீர் எங்கே போகிறது? – புதிய வீடமைப்புப் பகுதிகளில் மழைநீர் மேலாண்மை

முன்னுரை

மலேசியாவில் ஆண்டுக்குச் சராசரியாக 2,000 மில்லிமீட்டருக்கும் அதிகமாக மழை பெய்கிறது. மேற்குக் கரை நகரங்களில் பிற்பகலில் இடியுடன் கொட்டும் மழை பெரும்பாலும் ஓரிரு மணி நேரத்தில் ஓய்ந்துவிடும். அந்தக் குறுகிய நேரத்திலேயே சாலைகள் மூழ்கி, வீடுகளுக்குள் நீர் புகுந்துவிடுகிறது. இதைத்தான் நாம் திடீர் வெள்ளம் என்கிறோம். பலர் மழையைக் குறை கூறுகிறார்கள். மழை விழும் நிலத்துக்கு நாம் என்ன செய்தோம் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பதே என் கருத்து. அதை எளிய கணக்குடன் இக்கட்டுரையில் விளக்க முயல்கிறேன்.

நிலம் மாறினால் நீரும் மாறும்

ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பெய்யும் மழையில் ஒரு பகுதி இலைகளில் தங்கும். ஒரு பகுதி மண்ணுக்குள் இறங்கும். எஞ்சியதே மெல்ல ஓடையை அடையும். அதே நிலத்தில் தாமான் எழும்பிய பிறகு கூரை, தார்ச் சாலை, சிமெண்டுத் தரை ஆகியவை நீரை உள்ளே விடுவதில்லை.

பொறியாளர்கள் இதைக் கணக்கிட ஓர் எளிய சூத்திரத்தைப் பயன்படுத்துகிறார்கள். வழிந்தோடும் விகிதம், மழையின் செறிவு (மணிக்கு இத்தனை மில்லிமீட்டர்), நிலப்பரப்பு (எக்டர்) ஆகிய மூன்றையும் பெருக்கி 360ஆல் வகுத்தால், நொடிக்கு எத்தனை கன மீட்டர் நீர் வரும் என்பது தெரியும்.

எடுத்துக்காட்டாக, 10 எக்டர் தோட்டம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். விகிதம் 0.4, மழை மணிக்கு 100 மில்லிமீட்டர் என்றால், உச்ச நீரோட்டம் நொடிக்கு 1.1 கன மீட்டர். அங்கே வரிசை வீடுகள் கட்டியதும் விகிதம் 0.8 ஆகிறது என்று கொள்வோம். நீரோட்டமும் இரு மடங்காகி 2.2 கன மீட்டரை எட்டும்.

கணக்கு இத்தோடு முடிவதில்லை. வழவழப்பான சிமெண்டுக் கால்வாயில் நீர் விரைந்து ஓடும். முன்பு அரை மணி நேரத்தில் திரண்ட நீர் இப்போது கால் மணி நேரத்தில் திரண்டுவிடும். குறுகிய நேர மழைக்குச் செறிவு அதிகம். அதை 140 மில்லிமீட்டர் என்று வைத்தால் நீரோட்டம் 3.1 கன மீட்டர் ஆகிறது. அதே நிலம், அதே வானம். நீர் மட்டும் ஏறக்குறைய மூன்று மடங்கு!

பழைய கொள்கையும் புதிய கொள்கையும்

1975இல் வெளிவந்த வடிகால் வழிகாட்டியைப் பின்பற்றிய காலத்தில், மழைநீரை எவ்வளவு விரைவாக வெளியேற்ற முடியுமோ அவ்வளவு விரைவாக வெளியேற்றுவதே கொள்கையாக இருந்தது. மேட்டில் இருப்பவருக்கு அது நன்மை. தாழ்வில் இருப்பவருக்கோ மேட்டு நீரெல்லாம் ஒரே நேரத்தில் வந்து சேர்ந்தது.

இதை மாற்றவே நீர்ப்பாசன, வடிகால் துறை ‘மஸ்மா’ எனப்படும் சுற்றுச்சூழலுக்கு இசைவான வடிகால் கையேட்டை 2000ஆம் ஆண்டில் வெளியிட்டது. 2001 முதல் அது நடைமுறைக்கு வந்தது. 2012இல் இரண்டாம் பதிப்பு வெளியானது. நீரை அது விழும் இடத்திலேயே கட்டுப்படுத்த வேண்டும்; மேம்பாட்டுக்குப் பிறகு வெளியேறும் உச்ச நீரோட்டம் முன்பு இருந்ததைவிட மிகக் கூடாது என்பதே அதன் சாரம். சிங்கப்பூரிலும் 2014 முதல் 0.2 எக்டரும் அதற்கு மேலும் உள்ள புதிய மேம்பாடுகள், வழிந்தோடும் விகிதம் 0.55ஐத் தாண்டாத அளவுக்கு நீரைக் கட்டுப்படுத்த வேண்டும் என்று விதிக்கப்பட்டது.

குளம் எப்படி வேலை செய்கிறது?

புதிய தாமான்களில் வேலியிட்ட பள்ளம் ஒன்றைப் பார்த்திருப்பீர்கள். அதுவே தேக்கக் குளம். ஏரி பற்றிய நம் தமிழ்ச் சொற்களே இதை விளக்கப் போதுமானவை. அடியில் சிறிய மதகு. மேலே அகன்ற கலிங்கு. வேகமாக வரும் நீரை மதகு அளவாகவே வெளியே விடும். மிஞ்சியது குளத்தில் ஏறும். எதிர்பாராத பெருமழையில் மட்டும் கலிங்கு வழியே வழியும். மொத்த நீர் குறைவதில்லை. அது வெளியேறும் நேரம்தான் நீள்கிறது.

மேற்கண்ட தாமானில் நொடிக்கு 2 கன மீட்டர் வீதம் அரை மணி நேரம் நீர் மிஞ்சினால், 3,600 கன மீட்டர் தேங்க வேண்டும். குளம் 1.5 மீட்டர் ஆழம் என்றால் 2,400 சதுர மீட்டர் இடம் தேவை. இது தோராயக் கணக்குத்தான். கரைச் சரிவுக்கு மேலும் இடம் வேண்டும். 20 அடிக்கு 70 அடி மனைகளாகப் பார்த்தால், இது 18 வீடுகளுக்கான நிலம். குளத்தை எவ்வளவு சுருக்கலாம் என்று மேம்பாட்டாளர் ஏன் பார்க்கிறார் என்பது இப்போது விளங்கும். ஆனால், அங்கே மிச்சப்படும் செலவைக் கீழ்ப்பகுதிக் குடும்பங்கள் நனைந்த மெத்தையாகவும் பழுதான குளிர்பதனப் பெட்டியாகவும் செலுத்துகின்றன. புதிய தாமானின் தரைமட்டத்தை மண் கொட்டி உயர்த்தும்போது, பக்கத்தில் உள்ள பழைய குடியிருப்பு பள்ளமாகிவிடுவதும் உண்டு.

குளம் ஒன்றே வழியன்று. புல்வாய்க்கால், நீர் இறங்கும் நடைபாதை, மழைநீர்த் தொட்டி ஆகியவையும் உதவும். நிபோங் திபாலில் உள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகப் பொறியியல் வளாகத்தில் 2003இல் தொடங்கப்பட்ட ‘பையோஈகோட்ஸ்’ திட்டம் இதற்கு நல்ல சான்று. அங்கே மழைநீர் புல்வாய்க்கால்களிலும் அவற்றின் அடியிலுள்ள குழாய்களிலும் மெல்லச் சென்று, குளங்களையும் சதுப்பு நிலத்தையும் கடந்து தூய்மையடைகிறது.

கட்டிய பிறகு யார் பொறுப்பு?

குளம் ஊராட்சி மன்றத்திடம் ஒப்படைக்கப்பட்டதும் பலர் அதை மறந்துவிடுகின்றனர். தூர் சேர்ந்தால் கொள்ளளவு குறையும். குப்பை மதகை அடைத்தால் நீர் நாட்கணக்கில் தேங்கும். ஏடிஸ் கொசுவின் முட்டை ஒரு வாரம் போலக் காலத்தில் முழுக் கொசுவாகிவிடும்.

நம் பங்கும் உண்டு. முன்புறப் புல்தரையைச் சிமெண்டால் மூடுவதும், சமையலறையைப் பின்புறக் கால்வாய்வரை நீட்டுவதும் பொறியாளர் போட்ட கணக்கையே மாற்றிவிடுகின்றன. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை ஒரு லிட்டர் நீர். 100 சதுர மீட்டர் கூரையில் 50 மில்லிமீட்டர் பெய்தால் 5,000 லிட்டர்! ஒரு வீட்டுக்கே இப்படி என்றால் முந்நூறு வீடுகளுக்கு எவ்வளவு?

ஒன்றை மறுக்க முடியாது. 2021 டிசம்பரில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவை மூழ்கடித்ததைப் போன்ற பெருவெள்ளத்தை ஒரு தாமானின் குளம் தடுத்துவிடாது. அன்றாடத் திடீர் வெள்ளத்துக்கே இது மருந்து.

முடிவுரை

வீடு வாங்கச் செல்லும்போது விலையையும் வண்ணப் படத்தையும் மட்டும் பார்க்காமல், “தேக்கக் குளம் எங்கே? நீர் எந்த ஓடையில் சேர்கிறது? முன்பு இந்த நிலம் எப்படி இருந்தது?” என்று கேட்போம். நாளை நம்மில் சிலர் பொறியாளராகவும் சிலர் மன்ற உறுப்பினராகவும் ஆகலாம். நம் வாசலில் விழுந்த நீர் அடுத்தவர் வீட்டுக்குள் புகாமல் பார்த்துக்கொள்வது, அயலாருக்கு நாம் செய்ய வேண்டிய கடமையாகும்.