பழைய காகிதமும் ஒரு பிடி வெந்தயமும்

புதிதாக வாங்கிய மூங்கில் முறத்தை முன்னாளில் நம் கிராமப் பெண்டிர் அப்படியே எடுத்துப் புடைக்கத் தொடங்குவதில்லை. பழைய காகிதத்தை நீரில் ஊறப்போட்டு, வெந்தயத்துடன் சேர்த்து ஆட்டுரலில் அரைத்து, அவ்விழுதை முறத்தின் இடுக்குகளில் பூசிக் காயவைத்த பின்னரே அதனை உபயோகத்திற்கு எடுப்பர். மிஞ்சிய விழுதைக் கவிழ்த்த குடத்தின்மேல் அப்பி, சிறு கூடையாகவோ தட்டாகவோ ஆக்கிக் கொள்வதும் உண்டு. பிளாஸ்டிக் முறமும் பிளாஸ்டிக் கூடையும் வந்த பிறகு இவ்வழக்கம் அருகிவிட்டது. எனினும், ஓய்வு நேரத்தில் கைக்கு ஒரு வேலை வேண்டும் என்று விரும்புவோர்க்கு இதனினும் செலவு குறைந்த பொழுதுபோக்கைக் காண்பது அரிது.

ஆனால் இதில் இறங்குவோருட் பலர் முதற் கூடையோடு நிறுத்திவிடுகின்றனர். கூடை வெடித்துப் போகிறது. அல்லது மழைக் காலத்தில் பூஞ்சணம் பூக்கிறது. அல்லது பூச்சி அரித்துவிடுகிறது. உடனே, 'நமக்குக் கைத்திறன் போதாது' என்று அவர்கள் கருதிவிடுகின்றனர். உண்மையில் குறை பெரும்பாலும் கையிலன்று, பொருளிலும் முறையிலுமே உள்ளது. அதனைச் சிறு சோதனைகளால் வீட்டுத் திண்ணையிலேயே கண்டறியலாம்.

முதலில் காகிதத்தைக் கவனிப்போம். காகிதம் என்பது தாவர நார்களின் பின்னலே. கரூர் மாவட்டத்துக் காகிதபுரத்தில் 1979இல் நிறுவப்பெற்ற ஆலை, கரும்புச் சக்கையிலிருந்தே நாரைப் பிரித்தெடுத்துக் காகிதம் செய்கிறது. மரத்தை அரைத்துச் செய்த செய்தித்தாளில் நார் குட்டையானது. ஆகையால் விரைவில் ஊறிக் குழையும், ஆனால் உறுதி குறைவு. பள்ளி நோட்டுப் புத்தகத் தாள் ஊறுவதற்கு நாள் பிடிக்கும். காய்ந்தபின் கெட்டியாக நிற்கும். வழவழப்பான வண்ணப் பத்திரிகைத் தாளின்மேல் வெள்ளைக் களிமண் போன்ற பூச்சு உள்ளமையால், அதன் கூழ் ஒன்றோடொன்று சரியாகப் பற்றாது. அதனை நீக்கிவிடுதல் நலம். செய்தித்தாள் இரு பங்கும் நோட்டுத் தாள் ஒரு பங்குமாகத் தொடங்கலாம் என்பது என் அபிப்பிராயம்.

தாளைக் கத்தரிக்காமல் கையாற் கிழிக்க வேண்டும். கத்தரித்தால் நார் அறுபடும்; கிழித்தால் நாரின் நுனி வெளியே நீண்டு நிற்கும். துண்டுகளை இரண்டு அல்லது மூன்று நாள் ஊறவைத்து, நாள்தோறும் நீரை மாற்றி, பிறகு அரைத்துத் துணியிற் பிழிந்துகொள்க. அரைப்பதற்கு அடுப்படியில் மாவாட்டும் கிரைண்டரைத் தொடலாகாது. அச்சு மை அதில் ஒட்டும். கொல்லையில் உபயோகமற்றுக் கிடக்கும் பழைய ஆட்டுரலுக்கு இப்படியொரு வேலை கிடைப்பது நல்லதே. வெந்தயத்தைத் தனியே ஓர் இரவு ஊறவைத்து, பசை இழுபடும்வரை அரைத்துக் கலக்க வேண்டும். பிழிந்த கூழ் எட்டுப் பங்கிற்கு அரைத்த வெந்தயம் ஒரு பங்கு என்று தொடங்கி, பிறகு கூட்டியும் குறைத்தும் பார்க்கலாம்.

இனிச் சோதனைக்கு வருவோம். குடத்தின்மேல் பெரிய கூடை செய்ய முனையாமல், ஒரே அளவுள்ள நான்கு கொட்டாங்கச்சிகளை எடுத்து, நாரைச் சுரண்டி நீக்கி, எண்ணெய் தடவி அச்சாக வைத்துக்கொள்க. நான்கிலும் ஒரே கூழ், ஒரே கனம், ஒரே இடத்திற் காயவைத்தல். மாற்ற வேண்டியது ஒன்றே ஒன்று. பசையைச் சோதிப்பதானால் ஒன்றில் வெந்தயம், ஒன்றில் அரிசிக் கஞ்சி, ஒன்றில் புளியங்கொட்டைப் பசை, ஒன்றில் பசையே இல்லாத வெறுங் கூழ். கிண்ணங்களின் அடியில் எண் எழுதி, செய்த நாளையும் கலவையையும் ஒரு நோட்டில் குறித்து வைக்க வேண்டும். குறியாமல் விட்டால் மறுமாதம் எது எதுவென்று தெரியாது. நான் அவ்வாறு ஒருமுறை எட்டுக் கிண்ணங்களின் பாடத்தை இழந்திருக்கிறேன்.

காய்ந்தபின் ஒவ்வொன்றையும் கவிழ்த்து, அதன்மேல் ஒரே எடையுள்ள கற்களை ஒவ்வொன்றாக அடுக்கிப் பாருங்கள். வெறுங் கூழ்க் கிண்ணம் எளிதில் உதிர்வதையும் பசை சேர்ந்தவை தாங்குவதையும் காண்பீர்கள். நெசவில் நூலுக்குக் கஞ்சியிட உதவும் புளியங்கொட்டையின் வலிமை இங்கும் வெளிப்படும். பிறகு நான்கையும் மழைக் காலத்தில் ஓர் ஈரமான மூலையில் வைத்துவிடுங்கள். பெரும்பாலும் அரிசிக் கஞ்சி சேர்ந்ததே முதலிற் பூஞ்சணம் பிடிக்கும். எல்லாப் பசையும் பூச்சிக்கும் பூஞ்சைக்கும் உணவே. வேறுபாடு கால அளவில்தான்.

வெடிப்பைப் பற்றிச் சற்று விரிவாகக் கூற வேண்டும். மனம் தளரச் செய்வது அதுவே. ஈரக் கூழ் காயும்போது சுருங்குகிறது. கொட்டாங்கச்சியின் உட்புறத்தில் அப்பினால், சுருங்கும் கூழ் ஓட்டை விட்டு விலகித் தானே கழன்று வரும். வெளிப்புறத்தில் அப்பினாலோ, சுருங்க இடமின்றி ஓட்டை இறுகப் பிடித்து, எங்கே மெல்லிதோ அங்கே வெடிக்கும். குடத்தின்மேல் செய்யும் கூடைக்கு நேர்வதும் இதுவே. ஆகையால் குடத்தின்மேல் முதலில் நனைந்த துணியைச் சுற்றி, அதன்மேல் கூழை அப்பி, பாதி காய்ந்து உருவம் நிற்கும் நிலையிலேயே கழற்றிவிட வேண்டும். வாய் குறுகிய பாத்திரம் செய்வோர்க்குக் கழற்றுதல் இயலாது. காகிதக் கூழ் வேலையிற் பெயர்பெற்ற காஷ்மீரக் கைவினைஞர் இதற்கு ஒரு வழி கண்டனர்: முழுவதும் காய்ந்தபின் உருவை வாளால் இரண்டாக அறுத்து எடுத்து, மீண்டும் ஒட்டிச் சேர்த்துவிடுவர்.

வெயிலின் அவசரமும் வெடிப்புக்குக் காரணம். மேற்புறம் விரைந்து காய்ந்து சுருங்க, உட்புறம் ஈரமாகவே இருப்பதால் இழுவிசை உண்டாகிறது. முதல் இரண்டு நாள் நிழல், பிறகு வெயில் என்பதே முறை. கூழில் சிறிது சுண்ணக்கட்டித் தூள் கலந்தாலும் சுருக்கம் குறையும். அளவு மிகுந்தால் பாத்திரம் எளிதில் உடையும். எவ்வளவு என்பதை நான்கு கொட்டாங்கச்சிகளைக் கேட்டே தெரிந்துகொள்ள வேண்டும்.

பூச்சிக்கு மாற்றாக, புத்தகம் கட்டுவோர் பசையில் மயில்துத்தம் கலப்பதுண்டு. அது நஞ்சு, குழந்தைகள் கையாளும் பொருளிற் சேர்க்கலாகாது. ஓலைச் சுவடிகளைப் பூச்சியிடமிருந்து காக்க நம் முன்னோர் கையாண்ட வசம்பைத் தூளாக்கிச் சேர்த்துப் பார்க்கலாம். இதற்கும் ஒரு கிண்ணம் வசம்புடனும் ஒரு கிண்ணம் வசம்பின்றியும் வேண்டும் என்பதை நினைவூட்டத் தேவையில்லை.

இங்கே ஒரு செய்தியை வற்புறுத்திக் கூறியாக வேண்டும். காகிதக் கூடையில் தானியமும் பொரியும் கொட்டிவைப்பது பழைய வழக்கம். அச்சு மையிலுள்ள வேதிப் பொருள்கள் உணவிற் கலக்கக் கூடும் என்பதால், இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் 2018ஆம் ஆண்டு விதிகள், செய்தித்தாளில் உணவைப் பொதிவதையும் சேமிப்பதையும் விலக்கியுள்ளன. ஊறவைத்து நீரை மாற்றினாலும் மை முழுவதும் நீங்குவதில்லை. கூழின் சாம்பல் நிறமே அதற்குச் சாட்சி. பாட்டி செய்தார் என்பதற்காக நாமும் அதில் அரிசி கொட்ட வேண்டுவதில்லை. முறம் பூசுவதற்கும் அச்சிடாத, எழுதாத வெள்ளைத் தாளையே கொள்க. செய்தித்தாட் கூடையில் நூற்கண்டு, பொத்தான், சீப்பு, கடிதம் முதலியவற்றை வைக்கலாம். விற்பனைக்குச் செய்யும் மகளிர் சுயஉதவிக் குழுவினர், 'உணவுப் பொருள் வைப்பதற்கன்று' என்று அடியில் எழுதிய சீட்டு ஒன்றை ஒட்டித் தருதல் கடமை. வாங்குவோர் அதனை எதற்கு உபயோகிப்பார் என்று நமக்குத் தெரியாதல்லவா?

தொடங்குவதற்கு ஏற்ற காலம் பங்குனி, சித்திரை. அக்காலத்துக் காற்றில் ஈரம் குறைவாதலால் கிண்ணங்கள் சில நாட்களில் உலர்ந்துவிடும். ஐப்பசி மழைக்கு முன்பாக அவற்றை வெவ்வேறு கலவைகளில் செய்து முடித்து, மழையையே சோதனைக்கு விட்டுவிடலாம். வெடித்தவற்றையும் உதிர்ந்தவற்றையும் எறிந்துவிட வேண்டா. வர்ணமும் வார்னிஷும் பூசாதவை இரண்டு நாள் நீரில் கிடந்தால் மீண்டும் கூழாகிவிடும்; அடுத்த நான்கு கொட்டாங்கச்சிகளுக்கு அது போதும்.