தீவுக் கடற்கரைக்கு ஜோடியாகப் போகிறீர்களா?

பிள்ளைகளைப் பாட்டியிடம் விட்டுவிட்டு, இரண்டு பேருமாக நாலு நாள் அந்தமான் போய் வருவது நல்ல மருந்துதான். ஹேவ்லாக் தீவின் (2018 முதல் ஸ்வராஜ் தீவு) ராதாநகர் கடற்கரை அதற்கென்றே அமைந்த மாதிரி இருக்கும். ஆனால், அங்கே கடிகாரத்தை நம்பாதீர்கள்! மணி நம்ம ஊர் மணிதான். சூரியன் மட்டும் சென்னையைவிட முக்கால் மணி நேரத்துக்கு மேல் முந்திக்கொள்ளும். 9 மணிக்கு அடிப்பது நம்ம ஊர் 10 மணி வெயில். விடிந்ததும் கடலுக்குப் போய்விட்டு, 9-க்கெல்லாம் நிழலுக்கு வந்துவிடுங்கள்.

படகில் குமட்டும் என்றால், டாக்டரைக் கேட்டு, ஏறுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே மாத்திரை போடவேண்டும். வாந்தி ஆரம்பித்த பிறகு போட்டுப் பிரயோஜனமில்லை.

நீரோட்டம் உள்ளே இழுத்தால், அதை எதிர்த்துக் கரையை நோக்கி நீந்தாதீர்கள். சோர்ந்துபோய்த்தான் மூழ்குகிறார்கள். கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, இழுப்பு விட்டதும் திரும்புங்கள். அவர் தத்தளிக்கிறாரே என்று மனைவியும் குதித்தால் இரண்டு உயிருக்கும் ஆபத்து. டியூபோ கயிறோ எறியுங்கள், சத்தம் போட்டு ஆள் கூப்பிடுங்கள்.

பக்கத்திலுள்ள நீல்ஸ் கோவ், பார்க்கக் குளம் மாதிரி அமைதியாக இருக்கும். 2010-ல் அமெரிக்கப் பெண் ஒருவரை முதலை கொன்றது அங்கேதான். எச்சரிக்கைப் பலகை உள்ள இடத்தில் காலைக்கூட நனைக்க வேண்டாம்.