மரம் ஏறும் மருத்துவர்

தென்னை மரம் ஏறுவது பழைய தொழில். ஆனால் கேரளத்தில் மரம் ஏற ஆள் குறைந்து போனது. விழுந்தால் கை, கால் போகும், உயிரும் போகும். அதனால் இளைஞர்கள் இந்தத் தொழிலுக்கு வரத் தயங்கினார்கள். காய் முற்றியும் பறிக்க ஆள் இல்லை.

2011-இல் தென்னை வளர்ச்சி வாரியம் ஒரு பயிற்சியைத் தொடங்கியது. 'தென்னை மரத்தின் நண்பர்கள்' என்பது அதன் பெயர். ஆறு நாள் பயிற்சி. பெண்களும் சேர்ந்து கற்றார்கள். விபத்துக் காப்பீடும் செய்து கொடுத்தார்கள்.

முதல் பாடம், கருவியால் ஏறுவது. ஏறும் முன் கருவியைச் சோதிக்க வேண்டும். பாதுகாப்புப் பட்டை கட்ட வேண்டும். நனைந்த மரத்தில் ஏறக் கூடாது.

ஏறத் தெரிந்தால் மட்டும் போதுமா? மரத்தின் நோயும் தெரிய வேண்டும். தென்னைக்கு ஒரே குருத்துதான். அது அழுகினால் மரமே செத்துவிடும். கீழே நிற்பவருக்கு அது எளிதில் தெரியாது. ஏறுபவர்தான் முதலில் பார்ப்பார்.

ஓலை கத்தரித்தது போல இருக்கிறதா? அது காண்டாமிருக வண்டின் வேலை. கொக்கிக் கம்பியால் வண்டைக் குத்தி எடுக்க வேண்டும். குருத்து அழுகத் தொடங்கினால், அழுகலை வெட்டி எடுத்துப் போர்டோ பசை தடவ வேண்டும்.

ஏறுவதற்காகத் தண்டில் படி வெட்டக் கூடாது. பச்சை மட்டையை அடியோடு ஒட்ட வெட்டக் கூடாது. தென்னையில் பட்ட காயம் மூடாது. அந்த இடத்தில் சிவப்புக் கூன்வண்டு முட்டையிடும்.

காய் பறிப்பவருக்குக் கூலி கிடைக்கும். மரத்தைக் காக்கத் தெரிந்தவருக்குக் கூலியோடு மதிப்பும் கிடைக்கும்.

உங்கள் ஊரில் மரம் ஏறுபவர்களுக்குப் பாதுகாப்பு உண்டா? கூடிப் பேசுங்கள்.