கோடை விடுமுறையும் கல்லூரிப் பிள்ளையும்

பருவத் தேர்வு முடிந்து நம் பிள்ளைகள் வீட்டில் இருக்கிறார்கள். அக்னி நட்சத்திரமும் தொடங்கிவிட்டது. "லீவுல என்னப்பா செய்யப் போறே?" என்று அத்தா கேட்டால் "பாக்கலாம்" என்று பிள்ளை சொல்கிற காலம் இது. அந்தப் "பாக்கலாம்" என்ற பதிலிலேயே பாதி விடுமுறை போய்விடும்.

உதாரணத்துக்கு, வில்லியனூர் சுல்தான்பேட்டையில் ஒரு மாணவர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பி.காம். இரண்டாம் ஆண்டு முடித்தவர். அத்தாவுக்குத் தள்ளுவண்டியில் பழ வியாபாரம், அம்மாவுக்குத் தையல். ஃபஜ்ர் தொழுதுவிட்டு அத்தாவோடு பழம் எடுக்கப் போய் வருகிறார். பத்து மணிக்கு மேல் வெயிலில் தலைகாட்ட முடியாது. லுஹர் வரை கையில் போன். அஸருக்குப் பின் மைதானம். மஃரிபுக்குப் பின் மக்தபில் சின்னப் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுக்க உதவுகிறார். ஒரு வாரம் இப்படிப் போனதும், சேதராப்பட்டில் கம்பெனி வேலைக்கு கான்ட்ராக்டர் ஆள் எடுப்பதாக நண்பன் சொல்கிறான். பாகூர் பக்கத்துப் பையன் என்றால் கிருமாம்பாக்கம் தொழிற்பேட்டை.

வேலைக்குப் போவதில் குறை ஒன்றும் இல்லை. வீட்டுக்கு உதவி, பிள்ளைக்கும் உலகம் தெரியும். கல்லூரி திறக்கும் வாரத்தில்தான் சிக்கல் வருகிறது. "ஆள் பத்தலை, இன்னும் ஒரு மாசம் இருந்துட்டுப் போ" என்பார் சூப்பர்வைசர். கையில் சம்பளம் பார்த்த பிள்ளைக்கும் மறுக்க மனம் வராது. ஒரு மாதம் இரண்டாகும், வருகைப்பதிவு குறையும், தேர்வு எழுத முடியாமல் போகும். பிறகு கல்லூரிப் பக்கம் போகவே கூச்சம். நன்றாகப் படிக்கிற பிள்ளையின் படிப்பும் இப்படி நின்றுவிடலாம். ஆகவே வேலையில் சேரும் அன்றே கடைசி நாள் எது என்று முடிவு செய்து கான்ட்ராக்டரிடம் சொல்லிவிட வேண்டும். வீட்டுக் காலண்டரிலும் அந்தத் தேதியை வட்டமிடுங்கள். தேதி வந்ததும் "வேலை போதும்" என்று சொல்ல வேண்டியவர் அத்தாதான். பிள்ளையிடம் அந்தப் பாரத்தை விடக்கூடாது.

சம்பளக் கணக்கையும் பார்த்துவிடுவோம். நாள் கூலி 450 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 26 நாளுக்கு 11,700. முழுத் தொகைக்கும் பி.எஃப். பிடித்தால் 12 சதவீதம், அதாவது 1,404 ரூபாய். இ.எஸ்.ஐ. 0.75 சதவீதம், சுமார் 88 ரூபாய். கைக்கு வருவது 10,208. பஸ், டீ, சாப்பாட்டுச் செலவு இதில்தான். பி.எஃப். பணம் பிள்ளையுடைய பணம். வேலையை விட்டபின் விதிப்படி விண்ணப்பித்து வாங்கலாம். அதற்கு யு.ஏ.என். எண் வேண்டும். சம்பளச் சீட்டும் அந்த எண்ணும் தர மறுக்கும் இடத்தில் பிள்ளையைச் சேர்க்காதீர்கள். வாரத்துக்கு 48 மணி நேரம்தான் வேலை. அதற்கு மேல் வாங்கினால் இரட்டைக் கூலி தர வேண்டும் என்பது சட்டம்.

காகித வேலைக்கும் இதுதான் நேரம். வருமானச் சான்றிதழ், இருப்பிடச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ் மூன்றையும் தாலுகா அலுவலகத்தில் இப்போதே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். சேர்க்கை தொடங்கிவிட்டால் கூட்டம் தாங்காது. சென்டாக் சேர்க்கையில் முஸ்லிம்களுக்கு பி.சி.எம். பிரிவில் 2 சதவீத இடம் உண்டு. புதுவைப் பல்கலைக்கழகம் மத்தியப் பல்கலைக்கழகம் என்பதால் அங்கே கேட்பது மத்திய ஓ.பி.சி. சான்றிதழ். இரண்டும் வேறு வேறு. ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதற்குப் போய் நிற்காதீர்கள்.

பிளஸ் டூவில் நல்ல மதிப்பெண் எடுத்து மத்திய அரசின் உதவித்தொகை பெறும் பிள்ளைகளுக்கு இளங்கலையில் ஆண்டுக்கு 12,000 ரூபாய் வருகிறது. இது தானாகத் தொடராது. 50 சதவீத மதிப்பெண்ணும் 75 சதவீத வருகையும் இருக்க வேண்டும். ஒவ்வோர் ஆண்டும் தேசிய உதவித்தொகை இணையதளத்தில் புதுப்பிக்க வேண்டும். ஒரு மாதம் கூடுதலாகக் கம்பெனியில் இருந்து சம்பாதிப்பதை விட, அதனால் இழக்கும் இந்தத் தொகை பெரிதாக இருக்கலாம்.

பெண் பிள்ளைகளுக்கு விடுமுறை என்றால் அடுப்படி, தம்பி தங்கைகள், கூடவே நிக்காஹ் பேச்சு. நல்ல இடம் வந்தால் பேசுவதைத் தவறென்று சொல்லவில்லை. மூன்றாம் ஆண்டை முடிக்க விட வேண்டும் என்பதையும் அந்தப் பேச்சிலேயே சேர்த்துவிடுங்கள். பிறகு கேட்டால் மாப்பிள்ளை வீட்டாருக்குப் புதிதாகத் தெரியும். வீட்டில் இருக்கும் நேரத்துக்கு, 2017-இல் மத்திய அரசு தொடங்கிய ஸ்வயம் தளம் நல்ல துணை. பாடம் இலவசம். சான்றிதழ்த் தேர்வுக்கு மட்டும் கட்டணம். கல்லூரி ஏற்றுக்கொண்டால் அந்தப் பாடம் பட்டப்படிப்பின் கணக்கிலேயே சேரும். எந்தப் பாடம் சேரும் என்று துறைத்தலைவரிடம் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். மதியம் ஒன்றரை மணி நேரம் மகளை வேலை ஏவாமல் விட்டாலே போதும்.

மூன்றாம் ஆண்டுக்குப் போகும் பிள்ளைகளுக்கு ஒரு செய்தி. புதுவைப் பல்கலைக்கழகத்தில் முதுகலை சேர கியூட் தேர்வு எழுத வேண்டும். அண்மை ஆண்டுகளில் அது மார்ச்சில் நடக்கிறது. விண்ணப்பம் டிசம்பர், ஜனவரி வாக்கிலேயே வந்துவிடுகிறது. அடுத்த மே மாதம் ரிசல்ட் பார்த்துவிட்டு யோசிக்கலாம் என்று இருந்தால் அந்த ஆண்டு போய்விடும். பழைய வினாத்தாள்களை இந்த விடுமுறையிலேயே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.