சின்ன போர்டுக்கு லேப்டாப்பில் கம்பைல்: சில கைக்குறிப்புகள்

வீவக வீட்டு டிவிக்குப் பின்னாடி ஒரு ராஸ்பெர்ரி பை போர்டை ஒளித்து வைத்து, பால்கனிச் செடிக்குத் தண்ணீர் விட வைத்திருக்கிறீர்களா? குவீன்ஸ்டவுனில் எங்கள் வீட்டிலும் அதே கதைதான். புரோகிராமை அந்தப் போர்டிலேயே கம்பைல் செய்தால் 512 எம்பி நினைவகம் திணறும், எஸ்டி கார்டும் தேயும். பெரிய அடுப்பில் சமைத்து டிஃபன் கேரியரில் கொடுத்தனுப்புவதுபோல லேப்டாப்பில் முடித்து அனுப்பிவிடுங்கள்.

1. எதையும் இறக்குவதற்கு முன்னால் போர்டையே கேளுங்கள். ‘யூநேம் -எம்’ என்று தட்டினால் சிப்பின் வகை வரும், ஆனால் அதை முழுசாக நம்ப வேண்டாம்: கெர்னல் 64 பிட், மற்றதெல்லாம் 32 பிட் என்று கலந்து ஓடும் போர்டுகள் உண்டு. ‘டிபிகேஜி --பிரின்ட்-ஆர்க்கிடெக்சர்’ கமாண்ட் ‘ஆர்ம்எச்எஃப்’ என்றால் 32, ‘ஆர்ம்64’ என்றால் 64.

2. கம்பைலே தேவையில்லாத வேலையா என்றும் ஒரு பார்வை பாருங்கள். பைத்தான் ஸ்கிரிப்ட் என்றால் அப்படியே நகலெடுத்தால் போதும். முத்து அண்ணாமலை உருவாக்கிய நம் ‘எழில்’ மொழியும் பைத்தான் மேல் ஓடுவதுதான், பிள்ளைகளுக்குக் காட்ட வசதி. சி மொழி கலந்த பைத்தான் பொதிகளுக்கு 32 பிட் போர்டில் ‘பைவீல்ஸ்’ ஏற்கெனவே கம்பைல் செய்து வைத்திருக்கிறது.

3. புதிதாக எழுதப் போகிறீர்கள் என்றால் என் ஓட்டு கோ மொழிக்கு. 2015-இல் வந்த 1.5 பதிப்பிலிருந்து தனியாக எந்தக் கருவியும் இறக்க வேண்டாம். ‘கோஓஎஸ்’ என்பதில் லினக்ஸ், ‘கோஆர்ச்’ என்பதில் ஆர்ம்64 என்று கொடுத்து பில்ட் செய்தால் முடிந்தது. பழைய பை ஸீரோவுக்கு ‘கோஆர்ச்’ வெறும் ஆர்ம், கூடவே ‘கோஆர்ம்’ 6.

4. அதே கோ, வேறு சிப்புக்குக் கம்பைல் செய்யும்போது சி மொழி இணைப்பைச் சத்தமில்லாமல் அணைத்துவிடும். அதனால் சில எஸ்க்யூலைட் பொதிகள் நல்லபடியாகக் கம்பைல் ஆகிவிட்டு, போர்டில் ஓடும்போதுதான் முரண்டு பிடிக்கும். முழுக்க கோவிலேயே எழுதிய எஸ்க்யூலைட் பொதிக்கு மாறிவிட்டால் தலைவலி மிச்சம்.

5. ரஸ்ட்காரர்களுக்கு: ‘ரஸ்ட்அப்’ மூலம் புது டார்கெட்டைச் சேர்ப்பது பாதி வேலைதான். அந்த சிப்புக்கான லிங்கரும் வேண்டும். உபுண்டுவில் ஆர்ம்64 ஜிசிசி பொதியை நிறுவி, கார்கோ கான்ஃபிக் கோப்பில் அதன் பெயரை ஒரு வரி எழுதிவிடுங்கள்.

6. ரஸ்டில் இன்னொரு வம்பு ‘பில்ட்.ஆர்எஸ்’ கோப்பு. அது லேப்டாப்பில் ஓடுவது, ஆகவே அதற்குள் ‘சிஎஃப்ஜி’ போட்டு எந்த ஓஎஸ் என்று கேட்டால் லேப்டாப்பைத்தான் சொல்லும். மேக்கில் உட்கார்ந்து லினக்ஸுக்குக் கம்பைல் செய்கிறவர்கள் இங்கேதான் மாட்டுவார்கள். ‘கார்கோ_சிஎஃப்ஜி_டார்கெட்_ஓஎஸ்’ என்ற சூழல் மாறியைப் படித்தால் போர்டின் ஓஎஸ் சரியாகக் கிடைக்கும். கம்பைல் நடுவே கோப்பு உருவாக்கித் தரும் குட்டிப் புரோகிராம்களுக்கும் இதே கணக்குதான்: அவை லேப்டாப்புக்கே கம்பைல் ஆக வேண்டும்.

7. ‘ஜிலிப்சி 2.34 இல்லை’ என்று போர்டு அடம் பிடித்தால் அதன் ஓஎஸ்ஸை அழித்துப் புதிதாகப் போட அவசரப்படாதீர்கள். லேப்டாப்பில் இருப்பது புதுசு, போர்டில் இருப்பது பழசு, அவ்வளவே (டெபியன் 11-இல் ஜிலிப்சி 2.31). ஸிக் மொழியோடு வரும் சி கம்பைலரில் டார்கெட் பெயரின் வாலில் 2.31 என்று ஒட்டினால் அந்தப் பழசுக்கே பொருந்தும்படி செய்து தரும்; ரஸ்டுக்கு ‘கார்கோ ஸிக்பில்ட்’ இருக்கிறது.

8. பை ஸீரோவில் ‘இல்லீகல் இன்ஸ்ட்ரக்‌ஷன்’ என்று வந்தால் போர்டு கெட்டுப்போகவில்லை. உபுண்டுவின் ஆர்ம்எச்எஃப் கம்பைலர் ஆர்ம் 7-ஐ மனதில் வைத்து வேலை செய்கிறது, ஸீரோவோ ஆர்ம் 6. போர்டை மாற்றித்தான் ஆக வேண்டுமென்றால் 2021-இல் வந்த ஸீரோ 2 டபிள்யூ 64 பிட் தாங்கும்.

9. சிமேக்கில் டூல்செயின் கோப்பை மாற்றினால் பழைய பில்ட் ஃபோல்டரை அழித்துவிட்டுத் தொடங்குங்கள், இல்லையேல் முந்தைய கம்பைலரையே பிடித்துத் தொங்கும். கான்ஃபிகர் ஸ்கிரிப்டில் ‘--ஹோஸ்ட்’ என்பது புரோகிராம் ஓடப்போகும் போர்டு, ‘--பில்ட்’ என்பதுதான் உங்கள் லேப்டாப்.

10. அனுப்புவதற்கு முன் ‘ஃபைல்’ கமாண்டை பைனரி மேல் ஓட்டினால் எந்த சிப்புக்கானது என்று ஒரே வரியில் தெரியும். கியூஎமூ யூசர் பொதி இருந்தால் ஆர்ம் பைனரியை லேப்டாப்பிலேயே ஓட்டிப் பார்க்கலாம். சென்சார் இல்லாத பகுதிகளைச் சோதிக்க இது தாராளம்.

11. ஒயர், பின், ரெசிஸ்டர் சில்லறைக்குக் குவீன்ஸ்டவுன் எம்ஆர்டியில் ஏறி, மாறாமல் பூகிஸில் இறங்கி சிம் லிம் டவருக்கு நடந்துவிடலாம். வாங்குவதை ஒரே பட்டியலாக எழுதிக்கொண்டு போனால், நேரம் மிச்சமாகி, பக்கத்திலிருக்கும் லிட்டில் இந்தியாவில் காய்கறியும் வாங்கிவிடலாம்.

12. பைனரி குண்டாக இருந்தால் கோவில் ‘-எஸ் -டபிள்யூ’ லிங்கர் கொடிகளைப் போடுங்கள், சியில் அந்தந்த சிப்புக்கான ஸ்ட்ரிப் கருவியை ஓட்டுங்கள். கோப்பின் பெயரிலேயே ஆர்ம்6, ஆர்ம்64 என்று எழுதி வையுங்கள். வீட்டில் போர்டு இரண்டானதும் எது எதற்கென்று தேட வேண்டியிருக்காது.