பெங்களூருக்கு விமானத்தில் ஒரு மணி நேரம்தானா? காஞ்சிபுரத்திலிருந்து ஒரு கணக்கு

"நாளைக்குக் காலை பத்து மணிக்குப் பெங்களூருல இன்டர்வியூ. ஃபிளைட்ல ஒரு மணி நேரம்தானே?" என்று கேட்பவர்கள் உண்டு. டிக்கெட் செயலியும் ஏறக்குறைய அப்படித்தான் காட்டும். அது தப்பில்லை. ஆனால், அந்த ஒரு மணி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று தெரிந்தால்தான் பத்து மணிக்குப் போய்ச் சேர முடியும்.

முதலில் தூரத்தை நீங்களே அளந்து பாருங்க. கூகுள் மேப்ஸில் மீனம்பாக்கம் விமான நிலையத்தின் மேல் விரலை அழுத்திப் பிடித்தால் ஒரு குறி விழும். கீழே வரும் விவரத்தில் தூரத்தை அளக்கும் வசதியைத் தொட்டு, தேவனஹள்ளியில் உள்ள கெம்பேகவுடா விமான நிலையம் வரை கோட்டை இழுங்க. ஏறக்குறைய 268 கி.மீ. வரும். இது நேர்க்கோட்டுத் தூரம்.

மணிக்கு 800 கி.மீ. வேகத்தில் போகும் ஜெட் விமானத்துக்கு இது 20 நிமிட வேலை. மீதி 40 நிமிடம் எங்கே போகிறது? விமானம் நிறுத்துமிடத்தை விட்டு நகர்ந்தது முதல், அங்கே போய் நிற்பது வரை எல்லாமே டிக்கெட் நேரம். ஓடுபாதைக்கு ஊர்ந்து போவதும், முறைக்குக் காத்திருப்பதும், இறங்க வளைந்து வருவதும் அதில் சேர்ந்தவைதான். தூரம் குறைவு என்பதால் முழு வேகத்தில் பறப்பதே கொஞ்ச நேரம்தான். சென்னை–டெல்லி நேர்க்கோட்டில் சுமார் 1,760 கி.மீ., அதாவது ஆறரை மடங்கு தூரம். நேரமோ 2 மணி 50 நிமிடம் அளவில்தான், மூன்று மடங்குகூட இல்லை.

காஞ்சிபுரத்துக்காரருக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. பெங்களூரு மேற்கே, மீனம்பாக்கம் கிழக்கே. சுமார் 60 கி.மீ. எதிர்த்திசையில் போய், மறுபடி நம்ம ஊர்ப்பக்கமாகவே பறக்க வேண்டும்!

கூட்டிப் பாருங்க. வீட்டிலிருந்து விமான நிலையம் 2 மணி நேரம். செக்-இன் கவுண்டரைப் பெரும்பாலும் ஒரு மணி நேரம் முன்பே மூடிவிடுவதால், அங்கே குறைந்தது ஒன்றரை மணி. பறக்க 1 மணி. வெளியே வர அரை மணி. தேவனஹள்ளி நகரத்துக்கு வடக்கே இருப்பதால், சுமார் 35 கி.மீ. பஸ்ஸில் மெஜஸ்டிக் போக ஒன்றரை மணி. மொத்தம் ஆறரை மணி நேரம். வெள்ளைகேட்டில் நெடுஞ்சாலை ஏறினால் பெங்களூரு சுமார் 275 கி.மீ.தான், காரில் ஐந்தரை மணிக்குள் போய்விடலாம். காட்பாடி போய் வந்தே பாரத் ரயில் ஏறினால், அங்கிருந்து சுமார் 3 மணி நேரம்.

பட்டு நூல் விஷயமாக ராமநகரா போகிறவர்களுக்கு விமானம் இன்னும் லாபமில்லை. அந்த ஊர் பெங்களூருக்குத் தென்மேற்கே. விமான நிலையத்திலிருந்து நகரத்தைக் கடந்து போகணும். சிட்லகட்டா என்றால் பரவாயில்லை, அது தேவனஹள்ளிப் பக்கம்.

டெல்லிக்கு இதே கணக்கைப் போட்டால் எட்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். ரயிலில் ஒரு நாளைக்கு மேல். அங்கே விமானத்துக்குக் கொடுக்கும் காசு வீண் இல்லை.

வெளிநாட்டு டிக்கெட் என்றால் ஒன்று கவனியுங்க. புறப்படும் நேரம் நம்ம ஊர் நேரம். சேரும் நேரம் அந்த ஊர் நேரம். சிங்கப்பூர் நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னால். ஆகவே இரவு 11 மணிக்குக் கிளம்பி காலை ஐந்தரைக்குச் சேரும் என்று போட்டிருந்தால், பயணம் ஆறரை மணி அல்ல, 4 மணி நேரம்தான்.