தெருவில் நின்று கேட்க வேண்டிய கேள்வி

தெலுக் பங்லிமா காராங்,
சிலாங்கூர், மலேசியா.



அயல்நாட்டு ஊருக்கு முதன்முறையாக வரும் இளைஞர் பெரும்பாலும் கோபுரத்தையும் கோட்டையையும் தேடிப் போகிறார்; ஆனால் ஓர் ஊர் எப்படிப் பிழைத்தது, எதற்கு அஞ்சியது, யாரை மதித்தது, யாரை மதிக்க மறுத்தது என்பவையெல்லாம், அவ்வூரார் பார்த்துப் பார்த்துக் கண் பழகிப்போன சாதாரணப் பொருள்களிலேயே மிகுதியாகப் படிந்திருக்கின்றன. அத்தகைய பொருள் ஒன்றின் முன் நின்று, இது ஏன் இங்கே இப்படி இருக்கிறது என்று கேட்பதே ஊர் சுற்றுவதன் முதற்பயிற்சி.

கிள்ளானுக்கும் பந்திங்குக்கும் இடையிலுள்ள இவ்வூர்ப் பக்கத்துச் சாலைகளில் செம்பனைக் குலை ஏற்றிய லாரிகளைக் காணலாம். செம்பனை என்பது ஆப்பிரிக்காவிலிருந்து வந்த, எண்ணெய்க்காகப் பயிரிடப்படும் பனை வகை. வெட்டிய பழம் அடிபட்டுக் கிடந்தால் அதிலுள்ள நொதி எண்ணெயைச் சிதைத்து அமிலத்தைக் கூட்டிவிடுமாதலால், குலைகளை 24 மணி நேரத்துக்குள் ஆலைக்குச் சேர்ப்பது வழக்கம். லாரியின் அவசரத்துக்கும், ஆலைகள் நகரத்தை நாடாமல் தோட்டங்களை ஒட்டியே எழுந்ததற்கும் காரணம் இதுவே.

கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸில் பார்வையாளர் முதலில் பூக்கடைகளையும் வண்ண வளைவுகளையும் காண்கிறார். அப்பகுதியின் பெயரோ செங்கற்சூளைகளைச் சொல்கிறது. 1881இல் தீயும் வெள்ளமும் அடுத்தடுத்துத் தாக்க, அத்தாப்பு எனப்படும் கீற்றுக்கூரை வீடுகளால் ஆன நகரம் அழிந்தது. அதன்பின் செங்கல்லும் ஓடும் கொண்டே கட்ட வேண்டும் என்று ஆங்கிலேய ஆட்சியாளர் பிராங்க் சுவெட்டன்ஹாம் ஆணையிட்டதால் இங்கே சூளைகள் பெருகின. பழைய கடைவரிசைகளின் முன்னுள்ள கூரையிட்ட நடைவழியை இந்நாட்டுத் தமிழர் 'அஞ்சடி' என்பர். 1822இல் ஆங்கிலேய ஆட்சியாளர் ராபிள்ஸ் சிங்கப்பூர் நகரமைப்புக்கு வகுத்த விதிகளில் இடம்பெற்ற இவ்வழி, வெயிலும் திடீர் மழையும் மாறி மாறி வரும் நாட்டில் நடப்பவருக்குக் கிடைத்த பெரும் உதவியாகும்.

அதே பிரிக்பீல்ட்ஸில் காலடியையும் பார்க்க வேண்டும். 1951இல் தோன்றிய மலேசியப் பார்வையற்றோர் சங்கம் அங்கே இயங்குவதால், நடைபாதைகளில் மேடுபள்ளமுள்ள மஞ்சள் ஓடுகள் பதிக்கப்பட்டுள்ளன. நீள்கோட்டு மேடு தொடர்ந்து நடக்கச் சொல்கிறது. புள்ளி மேடு நின்று கவனிக்கச் சொல்கிறது. ஜப்பானின் செய்இச்சி மியாகே 1965இல் உருவாக்கிய இம்முறை, 1967இல் ஒகயாமா நகரத் தெருவில் முதலில் இடப்பட்டது. ஓட்டின் மேல் ஒரு மோட்டார் சைக்கிள் நின்றிருந்தால், கைத்தடியோடு வருபவர் அவ்விடத்தில் என்ன செய்வார் என்பதையும் நின்று பார்ப்பது நல்லது. ஒரு நகரத்தின் நாகரிகத்தை அளக்க இதைவிடச் சரியான இடம் அரிது.

கிள்ளான் வட்டாரத்தில் காண வேண்டிய பொருள் சைக்கிள். இன்று அது எவர் கண்ணையும் ஈர்க்காது. ஆனால் 1941இல் இவ்வட்டாரத்துப் பால்மரத் தோட்டங்களில், அதாவது ரப்பர்த் தோட்டங்களில், தமிழ்த் தொழிலாளர் நடத்திய வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளுள் ஒன்று, துரைமாரின் முன்னும் ஆசிய அலுவலர்களின் முன்னும் சைக்கிள் ஓட்டிச் செல்லும் உரிமை. துரை என்பவர் வெள்ளைக்கார மேலாளர். அலுவலருள் முதன்மையானவர் கிராணி எனப்படும் எழுத்தர். அவர்கள் எதிர்ப்பட்டால் தொழிலாளி இறங்கி நிற்க வேண்டும் என்பது அன்றைய தோட்டத்து வழக்கம். சீனத் தொழிலாளருக்குச் சமமான கூலி, கள்ளுக்கடைகளை மூடுதல், பிள்ளைகளுக்குக் கல்வி, பெண்களுக்கு இழைக்கப்படும் கொடுமைக்கு முடிவு ஆகியவற்றோடு இதுவும் அதே பட்டியலில் இடம்பெற்றது. கூலி உயர்ந்தால் வயிறு நிறையும். ஆயினும் இறங்கி நிற்கும் உடலின் அவமானம் அதனால் தீராது என்பதைப் பால்வெட்டும் மக்கள் தெளிவாக உணர்ந்திருந்தனர். அவர்களை ஒன்றுதிரட்டிய கிள்ளான் வட்டார இந்தியர் சங்கத்தின் ஆர். எச். நாதன் மே மாதத்தில் கைது செய்யப்பட்டு நாடு கடத்தப்பட்டார். கிளர்ச்சி பரவியபோது படையினர் சுட்டதில் ஐவரேனும் உயிரிழந்தனர். ஒரு சைக்கிளின் மேல் அமர்ந்திருக்கும் உரிமையும் இவ்வளவு குருதிக்கிடையே கேட்கப்பட்டது என்பதை அறிந்தவர், தோட்டச் சாலையில் மிதித்துச் செல்லும் ஒரு கிழவரைப் பழைய கண்ணோடு பார்க்க மாட்டார்.

இவ்வரலாற்றைத் தேடும் இளைஞர், லயம் எனப்படும் வரிசை வீடுகளில் வளர்ந்த முதியவர்களிடம் கேட்க வேண்டும். பல தோட்டங்கள் குடியிருப்புகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறிவிட்டன; 1941இல் பத்து வயதாக இருந்தோர் தொண்ணூறைக் கடந்துவிட்டனர். ஆகவே, அடுத்த விடுமுறை வரை காத்திராமல் இம்முறையே அவர்களைத் தேடிச் செல்வது நலம்.